புதிய இணையதளத்தில் பழைய எஞ்சினுக்கு இடமில்லை

பிரிட்டனில் ஓஓ அளவு மாடல் ரயில்கள் செய்யும் ஒரு நிறுவனம் தன் இணையதளத்தை அடியோடு மாற்றியிருக்கிறது. அன்றிலிருந்து மாடல் ரயில் பிரியர்களிடம் இதே பேச்சுதான். புதிதாக வந்தவர்களுக்குப் பிடித்திருக்கிறது. பல்லாண்டுகளாக ரயில் ஓட்டுகிறவர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள். இரு தரப்பையும் கேட்டபின், உண்மையான ஒரு தேவையோடு நானும் உள்ளே போனேன். என்னிடம் இருக்கும் பழைய கிளாஸ் 37 டீசல் எஞ்சினுக்கு ஒரு பல்சக்கரம் வேண்டும். அதே எஞ்சினின் புதிய பதிப்பு கிடைத்தால் அதையும் வாங்கலாம் என்று எண்ணம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் பக்கங்கள் சட்டென்று திறக்கின்றன. படங்கள் அபாரம். விரலால் விரித்துப் பார்த்தால் கைப்பிடிக் கம்பிகளும், பஃபருக்குக் கீழே தொங்கும் பிரேக் குழாய்களும், கூரை விசிறியின் வலையும் தனித்தனியாகத் தெரிகின்றன. முன்பதிவு செய்த மாடல் வரைபடத்தில் இருக்கிறதா, அச்சு வார்ப்பில் இருக்கிறதா, வண்ணம் பூசிய மாதிரி வந்துவிட்டதா, கப்பலேறிவிட்டதா என்று படிப்படியாகக் காட்டுகிறார்கள். அறிவித்துவிட்டு ஓராண்டு, இரண்டாண்டு காக்க வைப்பது இந்தத் துறையில் சாதாரணம். காத்திருப்பவருக்கு இந்தத் தகவல் பெரிய ஆறுதல். இளைஞர்கள் பாராட்டுவதில் நியாயம் இருக்கிறது.

தேடத் தொடங்கியதும் சிக்கலும் தொடங்குகிறது. நிஜமான கிளாஸ் 37 எஞ்சின்கள் 1960 முதல் 1965 வரை மொத்தம் 309 கட்டப்பட்டன. முதல் எஞ்சினின் எண் டி6700. அது பின்னாளில் 37119 ஆகி, அதன்பின் 37350 ஆனது. எஞ்சின் ஒன்று, எண் மூன்று. முதல் 119 எஞ்சின்களின் மூக்கில் ரயில் குறியீட்டைக் காட்டும் பெட்டி இரண்டாகப் பிரிந்து, நடுக்கதவின் இருபுறமும் இருக்கும். டி6819 முதல் நடுவில் ஒரே பெட்டிதான். நான் எந்த ஊர் நிலையத்தை, எந்த ஆண்டில் இருந்ததுபோல் அமைத்திருக்கிறேன் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டில் எது எனக்கு வேண்டும் என்பது முடிவாகும். பழைய தளத்தில் காலகட்டம், ரயில்வே மண்டலம், ஓடும் எண் என்று ஒவ்வொன்றாகச் சல்லடை போட முடிந்தது. புதிய தளத்தில் இருக்கும் வடிகட்டிகள் விலை, நிறம், புதுவரவு, அதிகம் விற்பவை. பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் நீராவி எஞ்சின், பயணிகள் பெட்டி, புல்வெளித் தாள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. டி6700 என்று தட்டினால் முடிவு ஏதும் இல்லை என்கிறது. 37119 என்று தட்டினால் மாடல் வருகிறது.

அளவு விஷயத்தில் இன்னும் குழப்பம். ஓஓ மாடலின் உடல் 1:76 அளவு, எச்ஓ மாடலின் உடல் 1:87 அளவு. இரண்டும் ஓடுவது அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான். அன்றைய மோட்டார்கள் சிறிய பிரிட்டிஷ் எஞ்சின்களுக்குள் அடங்காததால், தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு உடலை மட்டும் பெரிதாக்கிய பழைய கதை அது. புதிய தளம் தண்டவாள அகலத்தை வைத்தே பொருட்களைப் பிரித்திருக்கிறது. விவரம் தெரியாத ஒருவர் பிள்ளைக்குப் பரிசு வாங்கப் போனால், ஓஓ எஞ்சினுக்குப் பின்னால் எச்ஓ பெட்டிகளைக் கோத்துவிடுவார். ஓடும், ஆனால் பெட்டிகள் எஞ்சினைவிடச் சின்னதாகத் தெரியும்.

அடுத்தது டிசிசி. எஞ்சினுக்குள் ஒரு டீகோடர் சில்லைப் பொருத்தி, ஒவ்வொரு எஞ்சினையும் தனியாகக் கட்டுப்படுத்தும் முறை இது. அந்தச் சில்லைச் செருகும் சாக்கெட் 8 முள்ளா, 21 முள்ளா, பிளக்ஸ்22-ஆ, நெக்ஸ்ட்18-ஆ என்று தெரியாமல் சில் வாங்கவே முடியாது. பழைய பக்கத்தில் முதல் வரியிலேயே இருந்த இந்தத் தகவல் இப்போது ‘டிசிசி ரெடி’ என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கிவிட்டது. எஞ்சின் திரும்பக்கூடிய குறைந்தபட்ச வளைவின் ஆரம் 438 மி.மீ. என்பதையும் பக்கத்தின் அடியில், வெளிர் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் கண்டுபிடித்தேன். பலருக்கு 371 மி.மீ. வளைவுதான் வீட்டு மேசையில் இருக்கிறது. 150 பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய எஞ்சின் முதல் வளைவிலேயே தடம் புரள்வதை யாரும் அனுபவிக்கக் கூடாது.

என்னை உண்மையிலேயே வருத்தியது பல்சக்கரத் தேடல்தான். பழைய மாடல்கள் சிலவற்றில் சக்கர அச்சிலுள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் காலப்போக்கில் விரிசல் விடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது சக்கரம் ஒரு சுற்று வரும் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். கூடவே ஒரு சின்னக் குலுக்கல். மாற்றுவது கஷ்டமில்லை. அடிமூடியைக் கழற்றி, அச்சைத் தூக்கி, புதியதைப் போட்டுவிடலாம். ஆனால் எந்தப் பாகம், என்ன எண் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் சர்வீஸ் ஷீட் இருக்கிறது: எஞ்சினைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் காட்டும் வரைபடம். பழைய தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்தால் பிடிஎஃப் கோப்பாகக் கிடைத்தது. நான் குறித்துவைத்திருந்த இணைப்பைத் தட்டினால் 404. தேடலுக்கு மாடல் எண்ணையே தெரியவில்லை. விற்பனையில் இல்லாத மாடல்களை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டார்கள். மூத்தவர்களின் கோபத்துக்குக் காரணமும் இதுவே. மாற்றம் பிடிக்காத கிழவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிடுவது அநியாயம்.

பழைய மாடல்களின் விவரங்களைத் தளத்தில் வைத்திருக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. 1859-இல் தொடங்கிய ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம், கடையிலிருந்து போய்விட்ட பல மாடல்களின் விவரங்களையும் தன் தளத்தின் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் கையேடும் உதிரிப் பாகப் பட்டியலும் வருகின்றன. மாடல் ரயில் முப்பது, நாற்பது ஆண்டு ஓடும் பொருள். இன்று புதுப் படத்தைப் பார்த்து வாங்கும் இளைஞரும் நாளைக்கு அதே பல்சக்கரத்தைத் தேடி வருவார். இளைஞர்கள், மூத்தவர்கள் என்று இதில் இரண்டு கட்சி கிடையாது.

புதிய எஞ்சின் வாங்க மட்டும் போகிறவர்களுக்கு இந்தத் தளம் போதும். சாக்கெட் வகையையும் வளைவு அளவையும் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள். பழைய எஞ்சினைப் பராமரிக்கிறவர்களுக்கு இப்போதைக்கு இது உதவாது. நிறுவனத்துக்கு என் வேண்டுகோள்: பழைய முகவரிகளைப் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிடுங்கள், சர்வீஸ் ஷீட்டுகளை அப்படியே ஒரு மூலையிலாவது வையுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: நீங்கள் எந்த நிறுவனத்தின் எஞ்சின் வைத்திருந்தாலும், அதன் கையேட்டையும் உதிரிப் பாக வரைபடத்தையும் இன்றே இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். மாடல் எண் அச்சிட்ட பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.