பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்ற பையன்

முதலில் ஒரு கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும். பானைக் கொன்றது நான்தான்.

‘சுய்கோடென்’ முதல் பாகத்தில் கதாநாயகனின் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த முரடன் பான். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நாயகனின் நண்பன் டெட்டைப் பேரரசின் ஆட்களிடம் காட்டிக்கொடுத்துவிடுகிறான். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறான். பொறியியல் கல்லூரி விடுதியில், அறைத்தோழனின் கணினியில் எமுலேட்டர் போட்டு நான் இதை ஆடியபோது எனக்கு வயது பத்தொன்பது. துரோகியை மன்னிக்கிற வயதில்லை அது. அவனைச் சேர்த்துக்கொண்டேன், ஆனால் ஒரு சண்டைக்கும் அழைத்துப்போகவில்லை. கொல்லன் பட்டறையில் அவன் ஆயுதத்துக்கு ஒரு காசு செலவழிக்கவில்லை. பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆடியபின், நாயகனின் சொந்த அப்பா டியோ மெக்டோல் கவசக் குதிரைப்படையோடு எங்களை நொறுக்கித் துரத்தும்போது, “நீங்க போங்க, நான் தடுக்கிறேன்” என்று பின்னால் நின்றவன் அதே பான்தான். ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை. நான் தீட்டாத ஆயுதத்தோடு நின்று மூன்று நான்கு அடிகளில் விழுந்தான்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அறைத்தோழன் எட்டிப் பார்த்தான். “பான் செத்துட்டானா? அப்போ உனக்கு கிரெமியோ வர மாட்டான்டா. பழைய சேவ் இருக்கா?”

எனக்கு அது புரியவே இல்லை. கிரெமியோதான் ஏற்கெனவே செத்துவிட்டானே! நாயகனைத் தாய்போல வளர்த்தவன், சோனியர் சிறைச்சாலையில் தசை தின்னும் பூஞ்சைகளைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்துப் பூட்டிக்கொண்டு, எங்களை இந்தப் பக்கம் தள்ளிவிட்டுச் செத்துப்போனவன். பூட்டிய கதவு வழியாக அவன் குரல் மட்டும் வரும் காட்சியைப் பார்த்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. செத்தவன் எப்படி வருவான்?

வருவான். 108 பேரையும், ஒருவர் குறையாமல், சேர்த்தால் வருவான்.

இந்தத் தொடரை அறியாதவர்களுக்கு: சுய்கோடென் என்பது ‘ஷுய்ஹு ஜுவான்’ என்ற சீனப் பெருநாவலின் பெயரை ஜப்பானியர்கள் உச்சரிக்கும் விதம். லியாங்ஷான் சதுப்பு நிலத்தில் கூடும் 108 கலகக்காரர்களின் கதை அது. அந்த எண்ணையும், எல்லோரும் கூடும் ஒரு கோட்டையையும், பெயர்கள் பொறித்த ஒரு கல்லையும் மட்டும் எடுத்துக்கொண்டு யோஷிடாகா முராயாமாவின் குழு கொனாமி நிறுவனத்துக்காக 1995 டிசம்பரில் முதல் பாகத்தை வெளியிட்டது. 1998இல் இரண்டாம் பாகம். 2002இல் மூன்றாம் பாகம் வெளியாகும் சமயத்தில் முராயாமா கொனாமியை விட்டு விலகிவிட்டார். அதன்பின் 2004இல் நான்கு, 2006இல் ஐந்து, அப்புறம் நீண்ட மௌனம்.

இந்தத் தொடரின் ரசிகர்களிடம் ஐந்து நிமிடம் பேசினால் “யாரும் சரியாக மதிக்காத தொடர்” என்ற சொற்றொடர் வந்துவிடும். காரணமும் சொல்வார்கள். எல்லோரும் முப்பரிமாணத்துக்கு ஓடிய 1999இல், ‘ஃபைனல் ஃபேண்டஸி 8’ கடைகளில் மின்னிக்கொண்டிருந்த அதே பருவத்தில், இரண்டாம் பாகம் குட்டிக் குட்டிப் புள்ளிப் பொம்மைகளோடு அமெரிக்கா போய் இறங்கியது. உண்மைதான். ஆனால் இந்தக் குறைபட்டுக்கொள்ளலில் கொஞ்சம் சுகமும் இருக்கிறது. நாலு பேருக்கு மட்டும் தெரிந்த டீக்கடையைப் பற்றிப் பேசுகிற சுகம். இருபது வருடமாகப் பேசிப் பேசி அது ஒரு தீர்ப்பாகவே உறைந்துவிட்டது: இரண்டுதான் உச்சம், ஒன்று நல்ல முன்னோட்டம், மூன்று ஏமாற்றம், நான்கைப் பற்றிப் பேச வேண்டாம், ஐந்து மீட்சி.

நான்கைப் பற்றி எனக்கும் பேச்சில்லை. கடலில் அந்தக் கப்பல் நகர்கிற வேகத்துக்கு நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழலாம். என் சண்டை மூன்றாம் பாகத்தின் பொருட்டு. அதற்கு முன் இரண்டாம் பாகத்துக்குத் தர வேண்டியதைத் தந்துவிடுகிறேன்.

லூகா பிளைட்டைப் பற்றி ரசிகர்கள் சொல்வதெல்லாம் சரி. கிராமத்தை எரித்து, பிடிபட்ட பெண்ணைப் பன்றிபோல உறுமச் சொல்லிச் சிரித்துவிட்டு வெட்டுகிற இளவரசன். அவனை வீழ்த்த ஆறு ஆறு பேராக மூன்று அணிகள், கடைசியில் நாயகன் தனியாக ஒரு சண்டை. ஆனால் என்னை அசைத்தது அவன் சாவு அல்ல, அதற்குப் பிறகும் போர் நிற்காதது. அரக்கன் செத்துவிட்டான், கதையில் பாதிதான் கடந்திருக்கிறது. எதிர் சிம்மாசனத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவன் ஜோவி, நம் பால்ய நண்பன். அவன் கெட்டவனாகிவிடவில்லை. அதே அமைதியைத்தான் அவனும் வேறு வழியில் தேடுகிறான். அரக்கனைக் கொன்றால் போதும் என்று நம்பவைத்து, கொன்ற பிறகு “இப்போ என்ன செய்யப்போற?” என்று கேட்கிற துணிச்சல் வேறு எத்தனை ஆட்டங்களில் இருக்கிறது?

ஆனால் அங்கேயும் அந்த 108 வந்து நிற்கிறது. ராக்ஆக்ஸ் கோட்டையில் அம்பைத் தன் மேல் வாங்கி விழுகிற அக்கா நனமி, எல்லோரையும் சேர்த்திருந்தால், சரியான இடத்தில் சரியான பதிலை அழுத்தியிருந்தால், உண்மையில் சாகவில்லை. அவளை முடிவில் பார்க்கலாம், ஜோவியோடு மூவருமாகக் கிளம்பிப் போகலாம்.

ரசிகர்கள் இதைத்தான் ‘உண்மையான முடிவு’ என்கிறார்கள். மற்றதெல்லாம் தோல்வி. எனக்கு உறுத்துவது இந்த இடம். விடுதியில் அறைத்தோழன் சொல்லைக் கேட்டு அடுத்த விடுமுறைக்குள் முதல் பாகத்தை மறுபடி ஆடினேன், கையில் அச்செடுத்த வழிகாட்டிப் பட்டியலோடு. இந்த முறை பானின் ஆயுதத்தைத் தீட்டினேன். முதல் முறை தீட்டியிருந்தால் அது மன்னிப்பாக இருந்திருக்கும். இரண்டாம் முறை அது முதலீடு. டியோவிடம் அவன் பிழைத்தான். 108 பெயர்களும் கல்லில் நிரம்பின. லெக்நாட் தோன்றினாள், கிரெமியோ எழுந்து வந்தான். எனக்கு மகிழ்ச்சிக்குப் பதிலாக ஏதோ கூச்சம்தான் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட குரலுக்காக நான் விழித்திருந்த இரவை யாரோ திரும்ப வாங்கிக்கொண்டதுபோல.

“நூத்தியெட்டு பேரையும் தேடி அலைஞ்சவனுக்கு ஒண்ணும் கிடைக்கக் கூடாதாடா? உழைப்புக்குக் கூலி வேணும்ல?” என்றான் அறைத்தோழன். அதற்கு எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. அவன் கேட்டதிலும் நியாயம் இல்லாமலில்லை. அந்தக் கோட்டையை ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே சேர்பவர்களில் பாதிப்பேர் போர்வீரர்களே இல்லை. மின்தூக்கி கட்டித்தருகிற ஜுப்போ, குளியலறை கட்டுகிற சன்சுகே, சமையல்காரர், பகடை ஆடுகிறவர். காலியாகப் புழுதி படிந்திருந்த இடம், ஒவ்வொருவராக வர வர, ஊராக மாறுவதைப் பார்ப்பதே ஒரு கூலி. இப்போது மென்பொருள் நிறுவனத்தில் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு இடம் ஓடுவதற்கு எத்தனை கண்ணுக்குத் தெரியாத வேலைகள் வேண்டும் என்பதை வாளோடும் மந்திரத்தோடும் சொன்ன ஆட்டம் இது.

ஆனால் 108 பேரில் பலருக்கு நாலு வரி வசனம்கூட இல்லை, சேர்ந்தவுடன் மரச்சாமான் ஆகிவிடுகிறார்கள் என்பது இன்னொரு பழைய குற்றச்சாட்டு. ரசிகர்களே ஒப்புக்கொள்வது. அந்த மரச்சாமான்களில் ஒன்றுதான் லூக். (லூகா வேறு, லூக் வேறு. பெயர் குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல.)

லெக்நாட்டின் சீடன், காற்று மந்திரக்காரன், எதிலும் சலிப்பாகப் பேசுகிற பையன். முதல் பாகத்தில் பெயர்ப்பலகைக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்பான். இரண்டாம் பாகத்திலும் அதே வேலை. இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று பார்க்கக் கல்லிடம் போகும்போதெல்லாம் அவனைத் தாண்டித்தான் போவோம். இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து நான் அவனிடம் நாலைந்து தடவை பேசியிருந்தால் அதிகம். அவன் பெயரும் அந்தக் கல்லில் இருந்தது. டிக் அடித்தாயிற்று, அவ்வளவுதான்.

மூன்றாம் பாகத்தில் முகமூடி போட்டுக்கொண்டு வருகிற எதிரி அவன்தான்.

மூன்றின் குறைகளை மறைக்கப்போவதில்லை. ஆறு பேருக்குத் தனித்தனியாகக் கட்டளையிட்ட வசதியைப் பிடுங்கி, இருவர் இருவராக மூன்று ஜோடி என்று கட்டிப்போட்டுவிட்டார்கள். அதே சமவெளியை, அதே மலைப்பாதையை மூன்று பேரின் கதைக்காக மூன்று முறை நடக்க வேண்டும். முகங்களில் பிளாஸ்டிக் பளபளப்பு. எல்லாம் சரி. ஆனால் அந்த மூன்று முறை நடப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. ஹூகோ என்ற கரயா இனச் சிறுவனாக ஊர் திரும்பும்போது ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. தோழன் லூலு கத்தியோடு பாய, வெள்ளிக் கவசம் அணிந்த ஒரு பெண் அவனை ஒரே வெட்டில் சாய்க்கிறாள். அந்த முகத்தை வெறுத்துக்கொண்டே அடுத்த அத்தியாயத்தைத் திறந்தால், நீங்கள்தான் அந்தப் பெண். கிறிஸ் லைட்ஃபெல்லோ. பொறியில் மாட்டிய தன் வீரர்களை வெளியே கொண்டுவரக் கிராமத்துப் பக்கம் போனவள். வாள் வீசிய கணத்தில் எதிரில் இருப்பது ஒரு சிறுவன் என்று அவளுக்கும் தாமதமாகத்தான் தெரிகிறது. கடைசியில் இருவரையும் ஒரே அணியில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திச் சண்டைக்கு அனுப்பலாம். ஆட்டம் அவர்களைக் கட்டிப்பிடிக்க வைப்பதில்லை. அதற்காகவே கும்பிடலாம்.

இப்போது 108க்கு வருகிறேன். மூன்றாம் பாகத்திலும் எல்லோரையும் சேர்க்கலாம், பரிசும் உண்டு. ஆனால் யாரும் உயிரோடு வருவதில்லை. லூலு வருவதில்லை. பரிசாகக் கிடைப்பது ஒரு சிறிய அத்தியாயம்: அதே போரை லூக்கின் பக்கத்திலிருந்து ஆடுவது.

அவன் ஹார்மோனியாவின் தலைமைக் குரு ஹிகுசாக்கின் நகலாக, ஒரு ரூனைச் சுமக்கும் பாத்திரமாகச் செய்யப்பட்டவன். அந்த ரூன் அவனுக்குக் காட்டும் எதிர்காலம் ஒன்றுமே அசையாத சாம்பல் உலகம். அதை உடைக்கத் தன்னையே அழித்துக்கொள்ள வேண்டும், கூடவே பத்து லட்சம் பேரையும் பலி கொடுக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறான். அவன் செய்வதை அத்தியாயம் நியாயப்படுத்தவில்லை. இடிந்து விழும் கோயிலுக்குள் சாரா என்ற ஒருத்தி மட்டும் பக்கத்தில் இருக்கச் சாகிறான். நாம் அவனைத் தோற்கடித்து முடித்த பிறகுதான் இதைப் பார்க்கிறோம். திரும்பிப்போய் எதையும் மாற்ற முடியாது.

இதை ஆடி முடித்தபோதுதான் அறைத்தோழனுக்கான பதில் கிடைத்தது. உழைப்புக்குக் கூலி உண்டு. செத்தவன் எழுந்து வருவதுதான் கூலியா, யாரைக் கொன்றோம் என்று தெரிந்துகொள்வது கூலியா என்பதுதான் எங்கள் வாக்குவாதம். முதல் இரண்டு பாகங்களில் பட்டியலை நிரப்பினால் துக்கம் அழிந்தது. மூன்றாவதில் அதே பட்டியலை நிரப்பினால் துக்கம் கூடுகிறது. அதுவும் யாருக்காக? எந்தப் பையனைப் பலகையின் ஓரத்தில் நிறுத்திவிட்டு மற்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தோமோ அவனுக்காக. ‘நாலு வரி வசனம்’ என்ற குறையையே குற்றமாக நம்மிடம் திருப்பி நீட்டுகிறது ஆட்டம். தனியாக ஆடுகிறவருக்கு இது முழுதாக உறைக்காது என்பதும் உண்மை. முன்னிரண்டையும் ஆடி, லூக்கைக் கண்டுகொள்ளாமல் போயிருக்க வேண்டும்.

மூலநாவலிலும் இந்தத் தகராறு இருக்கிறது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். அங்கே 108 பெயர்கள் பொறித்த கல் வானத்திலிருந்து விழுகிறது. நீண்ட வடிவங்களில் கதை அதற்கு அப்புறமும் போகிறது. கலகக்காரர்கள் பேரரசரின் மன்னிப்பை ஏற்று, அவருக்காகவே போருக்குப் போய், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஜின் ஷெங்டான் என்ற விமர்சகர் பின்பாதியை வெட்டியெறிந்து, கல் விழுந்த இடத்தோடு, ஒரு கெட்ட கனவைச் சேர்த்து, முடித்துவிட்டார். அந்தப் பதிப்புதான் நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்தது. வாசகர்களுக்குக் கூடுவது பிடிக்கிறது, கலைவது பிடிப்பதில்லை. நம் ரசிகர்கள் மூன்றாம் பாகத்தை ஒதுக்குவதில் ஜின் ஷெங்டானின் கத்தரிக்கோல் சத்தம் எனக்குக் கேட்கிறது. நடை அலுப்பும் ஜோடிச் சண்டையும் காரணங்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட மெதுவாக ஏற்றமாகும் ஐந்தாம் பாகத்தை அவர்கள் மன்னித்துவிட்டார்களே.

முராயாமா பிற்பாடு பழைய தோழர்களோடு ‘எயூடென் க்ரானிக்கிள்’ என்று நூறு நாயகர்களின் இன்னொரு கதையைத் தொடங்கினார். 2020இல் ரசிகர்களிடம் பணம் திரட்டி ஆரம்பித்தது. அது 2024 ஏப்ரலில் வெளிவந்தது, பிப்ரவரியில் அவர் இறந்துவிட்டார். அதை வாங்கி வைத்திருக்கிறேன், பாதியில் நிற்கிறது. அங்கேயும் கோட்டை, அங்கேயும் எண்ணிக்கை. ஒவ்வொரு ஆளையும் சேர்க்கும்போது இதைச் செய்தவர் இல்லை என்ற நினைப்பு குறுக்கே வருகிறது, ஆட்டத்தின் தரத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல முடியாமல் போகிறது.

2025 மார்ச்சில் முதல் இரண்டு பாகங்களும் மெருகேற்றப்பட்டு மறுபடி வந்தன. சண்டையை வேகமாக ஓட்டும் வசதியெல்லாம் இருக்கிறது. வாங்கின அன்றே அறைத்தோழனுக்குச் செய்தி அனுப்பினேன். வேறு ஊரில், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான். “கைடு அனுப்பவா?” என்று பதில் வந்தது. வேண்டாம் என்றேன்.

கோட்டையைப் பிடித்துவிட்டேன். கல் வந்துவிட்டது, பக்கத்தில் லூக். தினமும் ஆட்டத்தைத் திறந்ததும் முதலில் அவனிடம் போய்ப் பேசுகிறேன். அதே சலிப்பான ஒற்றை வரியைத்தான் சொல்கிறான். பானை இந்த முறை அணியில் வைத்திருக்கிறேன். அவன் ஆயுதத்தைத் தீட்டலாமா என்று கொல்லன் முன்னால் போய் நின்று, விலையைப் பார்த்து, இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டேன். டியோவின் குதிரைப்படை வர இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.