கொதிகலன், கொதிகலன்

600 பக்கத்துக்கு ஒரு தொழிற்சாலைக் கையேடு என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்குப் போகும் முன், கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவில் (இண்டெக்ஸ் என்றால்தான் பலருக்கும் புரியும்) பிழைதிருத்துநர் விரலை ஓட்டிக்கொண்டு வருகிறார். ‘கொதிகலன் 41, 112’ என்று ஒரு வரி. கீழே ‘கேபிள்’, ‘கைப்பிடி’. அதற்கும் கீழே மறுபடி ‘கொதிகலன் 78, 203’. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒரே சொல்தான். கணினிக்கு மட்டும் அவை வெவ்வேறு.

காரணம் அற்பமானது. யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி முழுவதையும் ஒரே குறியெண்ணாக இடலாம். ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே இட்டுச் சேர்க்கவும் செய்யலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். ஆனால் அந்தச் சமத்தைப் பார்க்க மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெறும் குறியெண்ணை வைத்து வரிசைப்படுத்தும் கருவி, முதல் கொதிகலனை ‘கெ’ கூட்டத்திலும் இரண்டாவதை ‘கை’க்குப் பின்னாலும் கொண்டுபோய் உட்காரவைக்கும். ஒரு அத்தியாயத்தைப் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியும் இன்னொன்றை நேரடியாகத் தட்டச்சிட்டும் சேர்த்தால் போதும், இந்த விபத்துக்கு வழி திறந்துவிடும்.

சொல்லடைவைத் தானாகப் பிறப்பிக்கும் முறையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன. முன்பு பக்க மெய்ப்பு கைக்கு வந்த பிறகுதான் அந்த வேலையே தொடங்கும். சொல்லுக்கு ஒரு அட்டை, அட்டையில் பக்க எண், அட்டைகளை அடுக்க ஒரு பெட்டி. கடைசி நேரத்தில் ஒரு படம் நுழைந்து பக்கங்கள் தள்ளிப்போனால் அத்தனை அட்டையையும் திருத்த வேண்டும். இப்போது சொல் வரும் இடத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை நட்டுவிடுகிறார்கள். பக்கம் எங்கே நகர்ந்தாலும் குறியும் கூடவே நகரும். கட்டளை கொடுத்ததும் பட்டியல் வந்து நிற்கும். ஆண்டுக்கு இரண்டு முறை மாறும் மென்பொருள் கையேட்டுக்கு இதைவிட்டால் வேறு வழியே இல்லை. அட்டைப் பெட்டிக்கு ஏங்குவது வீண்.

ஆனால் அட்டைப் பெட்டியில் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. இங்கே பட்டியல் ஆயிரம் துண்டுகளாக நாற்பது கோப்புகளுக்குள் ஒளிந்துகிடக்கிறது. பிறப்பிக்கும் வரை யாரும் அதை முழுதாகப் பார்ப்பதில்லை. ஒரு அத்தியாயத்தில் ‘வால்வு, அடைப்பு’ என்று குறித்தவர், இன்னொன்றில் ‘அடைபட்ட வால்வு’ என்று குறித்ததை மறந்தே போயிருப்பார்.

கருவிகளும் தங்கள் பங்குக்குக் கண்ணி வைக்கின்றன. மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஒரு சொல்லைக் குறித்தவுடன், மறைந்திருக்கும் குறிகளையெல்லாம் வேர்டே திரையில் காட்டத் தொடங்கிவிடும். பத்திக்கு நடுவே அடைப்புக்குறிகளும் சொற்களும் முளைக்கின்றன, வரிகள் நீள்கின்றன, பக்கம் உடையும் இடம் மாறுகிறது. அதே நிலையில் சொல்லடைவைப் பிறப்பித்தால், 212ஆம் பக்கத்தில் அச்சாகப்போகும் செய்திக்கு 215 என்று எண் விழும். கையேட்டின் தொடக்கத்தில் பிழை தெரியாது, போகப்போகக் கூடும். தொடக்கப் பக்கங்களைச் சுட்டும் சில பதிவுகளை மட்டும் சரிபார்ப்பவர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். மருந்து என்னவோ எளிதுதான். மறைவெழுத்தை மறைத்து, முன்பக்க உள்ளடக்கத்தை முதலில் புதுப்பித்து, பிறகு சொல்லடைவைப் புதுப்பித்தால் போதும். நோயை உண்டாக்குவது வேலையின் முதல் அடியே என்பதுதான் வேடிக்கை.

நிறுத்தக்குறிகளிலும் வம்பு உண்டு. வேர்டு, நீண்ட கையேடுகளுக்கான ஃபிரேம்மேக்கர் மென்பொருள் இரண்டிலும் முக்காற்புள்ளி வந்தால் அதற்குப் பின் வருவது துணைப்பதிவு. எனவே ‘16:9 திரை’ என்று அப்படியே குறித்தால் ‘16’ தலைப்பாகவும் ‘9 திரை’ அதன் பிள்ளையாகவும் அச்சாகும். லேடெக் என்ற ஆவண வடிவமைப்பு முறையின் பயனர்களுக்கான சொல்லடைவுக் கருவி மேக்இண்டெக்ஸில் அந்த வேலை வியப்புக்குறிக்கு. சி மொழி நூல் எழுதுபவர் ‘சமமல்ல’ என்ற குறியை (!=) சொல்லடைவில் சேர்க்க முன்னால் ஒரு மேற்கோள்குறி போட்டே ஆகவேண்டும். சொல்லின் பின்னே தவறி விழும் ஒரு வெற்றிடம்கூட, அதைக் களையச் சொல்லாவிட்டால், புதிய பதிவைப் பெற்றுவிடும்.

தவறு நடந்தால் கருவி எப்படிச் சொல்கிறது என்பதும் முக்கியம். 30ஆம் பக்கத்தில் தொடங்கி 38இல் முடியும் ஒரு தலைப்புக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் வேண்டும். யாராவது கடைசிப் பத்தியை வெட்டும்போது முடிவுக் குறியும் சேர்ந்து போய்விடும். ஃபிரேம்மேக்கர் அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறிகளைப் போட்டுவைக்கும். அசிங்கமாக இருந்தாலும் நேர்மை. மேக்இண்டெக்ஸ் தன் புகாரைத் தனிப் பதிவுக் கோப்பில் எழுதிவைக்கிறது. அதைத் திறந்து படிக்கும் வழக்கம் எத்தனை பேருக்கு உண்டு?

தமிழில் வரிசையே ஒரு பிரச்சினை. அவசர நிறுத்தம், அழுத்தம், அளவீடு, அறை வெப்பம் என்பது நாம் பள்ளியில் படித்த வ, ழ, ள, ற வரிசை. யூனிகோடு அட்டவணையில் இந்த நான்கு எழுத்தும் ற, ள, ழ, வ என்று நிற்கின்றன. குறியெண்ணை நம்பும் கருவி பட்டியலை அப்படியே தலைகீழாகத் தரும். மேக்இண்டெக்ஸில் ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசைச் சாவி ஒன்றைக் கையால் எழுதிச் சமாளிக்கலாம்தான். அதற்குள் ‘தானியங்கி’ என்ற பெயரின் அர்த்தம் போய்விடுகிறது.

திரையில் படிக்கும் உதவிக் கோப்புகளில் பக்க எண்ணே கிடையாது, ஆகவே பாதித் தலைவலி போயிற்று என்று தோன்றும். 1997இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எச்டிஎம்எல் ஹெல்ப்பில் உள்ளடக்கம், தேடல் ஆகியவற்றோடு சொல்லடைவுக்கும் தனித் தாவல் இருந்தது. ஒரு சொல் பல இடங்களைச் சுட்டினால் அந்தப் பகுதிகளின் தலைப்புகள் சிறு பெட்டியில் வரும். எழுதியவர் ஒவ்வொரு பகுதிக்கும் ‘அறிமுகம்’ என்றே தலைப்பு வைத்திருந்தால்? அறிமுகம், அறிமுகம், அறிமுகம். எதைச் சொடுக்குவது? புத்தகத்தில் 41க்கும் 203க்கும் உள்ள தூரமாவது வாசகருக்கு ஒரு துப்பு. இங்கே அதுவும் இல்லை.

ஒரே மூலத்திலிருந்து மூன்று மாடலுக்கு மூன்று கையேடு எடுக்கும் இடங்களில் ‘காண்க’ பதிவுகள் அநாதையாகின்றன. ‘மோட்டார்: காண்க பம்பு’ என்பார்கள், பம்பு இல்லாத மாடலின் கையேட்டில் ‘பம்பு’ என்ற பதிவே இராது. இரண்டு பதிவுகள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொள்வதும் உண்டு. கணினி அறிஞர் டொனால்ட் நூத் தன் கணிநிரல் கலைத் தொகுதியின் சொல்லடைவில் வட்ட வரையறைக்கு இப்படி ஒரு வட்டத்தை வேண்டுமென்றே வைத்துச் சிரிக்கவைத்தார். பழுதான இயந்திரத்தின் முன் கையேட்டோடு நிற்பவருக்குச் சிரிப்பு வராது.

தேடல் பெட்டி இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று நிர்வாகிகள் கேட்பதுண்டு. பைதான் மொழியின் ஆவணங்களில் செயற்கூறுகளின் பெயர்கள் ஸ்ஃபிங்ஸ் கருவி வழியே தாமாகச் சொல்லடைவில் ஏறிவிடுகின்றன; மனிதர் மறப்பதைக் கருவி மறப்பதில்லை. ஆனால் பெயர் தெரியாதவர் எந்தச் சொல்லோடு வருவார் என்பதை யாராவது யோசித்துக் கையால்தான் சேர்க்க வேண்டும். தேடல் எழுதியவரின் சொல்லை மட்டுமே அறியும். ‘பிரேக்கர் டிரிப் ஆதல்’ என்று கையேடு சொல்லும் இடத்துக்கு ‘கரண்ட் போச்சு’ என்று வருபவரை அழைத்துப்போவது சொல்லடைவின் வேலை. சொற்பட்டியலைக் கொடுத்துத் தானாகக் குறிக்கச் சொல்லும் வசதியும் இங்கே கைகொடுக்காது. முழுச்சொல்லாக ஒப்பிடும் கருவிக்கு வால்வு, வால்வை, வால்வின், வால்வுக்கு நான்கும் நான்கு சொல். வேற்றுமை உருபை அதற்கு யார் சொல்லித்தருவது?

ஆக, கருவியைக் கைவிட வேண்டியதில்லை. பிறப்பித்த பட்டியலை முதல் வரைவாக மட்டும் எண்ணி, அதைப் படித்துத் திருத்த நாலு நாள் ஒதுக்க வேண்டும். திருத்தம் பட்டியலில் அல்ல, மூலக் கோப்பில் உள்ள குறியில் நடக்க வேண்டும். திட்ட அட்டவணைகளில் அந்த நாலு நாள்தான் முதலில் வெட்டுப்படுகிறது. அச்சகத்துக்கு அனுப்பும் இரவு, நாற்பது கோப்பைத் திறக்க நேரமின்றி, யாரோ ஒருவர் பட்டியலிலேயே இரண்டாவது கொதிகலனை அழித்து அதன் எண்களை முதலாவதோடு சேர்த்துவிடுகிறார். புத்தகம் சுத்தமாக வெளிவருகிறது. அடுத்த பதிப்புக்குப் புதுப்பிக்கும் விசையை அழுத்தியதும், ‘கைப்பிடி’க்குக் கீழே அது மறுபடி வந்து நிற்கிறது.