நாரும் நீரும் மணமும்

மாட்டுத்தாவணி பழ மண்டியில் சித்திரை, வைகாசி மாதங்களில் தோல் நிறத்தைப் பார்த்து மாம்பழம் வாங்குகிறவர்களே அதிகம். நிறத்தை நம்பக் கூடாது. இமாம் பசந்த் நன்றாகக் கனிந்த பிறகும் பச்சை முழுக்க மாறாது. கார்பைடு கல் வைத்த காயோ மேலுக்கு மஞ்சளாக மினுங்கும். மாம்பழம் கொட்டையை ஒட்டிய இடத்தில் பழுக்கத் தொடங்கித்தான் தோல் வரைக்கும் வரும். அதனால் பழத்தை வகுந்ததும் நான் பார்ப்பது கொட்டை ஓரத்தை. அங்கே சதை வெளிறிப் புளித்திருந்தால் அது வெம்பல். எத்தனை நாள் வைத்தாலும் தேறாது.

அடுத்தது நார். கத்தி எங்கும் இழுபடாமல் இறங்க வேண்டும். வெட்டிய துண்டு தட்டில் வடிவம் குலையாமல் நிற்கவும் வேண்டும். அதே துண்டு நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே லேசாக அழுத்தினாலே கரையவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு குணமும் சேர்ந்து அமைவது அபூர்வம். பழுக்கும்போது சதையைப் பிணைத்திருக்கும் பெக்டின் இளகுகிறது. குறைவாக இளகினால் ரப்பர், மிஞ்சினால் கூழ். நடுவிலுள்ள ஒன்றிரண்டு நாள்தான் பழத்தின் வாழ்வு. இமாம் பசந்துக்கு அந்த நாள் தவறவே கூடாது. மெல்லிய தோல், மிருதுவான சதை, காத்திருக்காது.

பழக்கூழ் ஆலைகளின் கணக்கு வேறு. அங்கே சல்லடையே நாரை நீக்கிவிடுவதால், நிறமும் சர்க்கரையும் சதையின் அளவுமே முக்கியம். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகள் கிளிமூக்கை விரும்புவது அதனால்தான்: மணம் சுமார், சதை ஏராளம். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி சாறு விட்டு, சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ் பார்ப்பார்கள். கிளிமூக்குக் கூழுக்கு 14, அல்போன்சாவுக்கு 16 என்பது வணிகத்தில் வழக்கமான குறைந்தபட்ச அளவு. அந்தக் கருவியை மதிக்கிறேன். ஆனால் அது புளிப்பைத் தனியே பிரித்துச் சொல்லாது. ஒரே பிரிக்ஸ் உள்ள இரண்டு பழங்களில் ஒன்று துடிப்பாக இருக்கும், இன்னொன்று வெறும் சர்க்கரைத் தண்ணீர். மணத்தை அளப்பதும் அதன் வேலை இல்லை. அதற்குக் காம்புப் பக்கம் மூக்கை வைக்க வேண்டும்.

நத்தம் பக்கத்துக் கல்லாமையும் சாறுக்குப் போகிற பழம்தான். அதைச் சாறுக்கு மட்டும் என்று ஒதுக்குவது அநியாயம்; மரத்தில் முற்றவிட்டு வைக்கோலில் பழுக்கப் போட்டால் தனித்துத் தின்னத் தகுந்த இனிப்பு. காசா லட்டை வகுந்து தின்னாதீர்கள். உருண்டையான சின்னப் பழம். கையால் கசக்கி, காம்பைக் கிள்ளி உறிஞ்ச வேண்டும்.

எல்லாம் ஓய்கிற நேரத்தில் நீலம் வரும். கொட்டைக்குள் வண்டு இருக்கிறதென்று ஒதுக்குகிறார்கள். அதன் நாரற்ற சதையையும் மணத்தையும் அறிந்தவர்கள் ஒதுக்கமாட்டார்கள். டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தஷேரியோடு சேர்த்து மல்லிகாவையும் ஆம்ரபாலியையும் உருவாக்கத் தேர்ந்தெடுத்தது இந்தத் தென்னாட்டு நீலத்தைத்தான். ஆடியில் மலிவாகக் கிடைக்கும்போது கூடையாக வாங்குங்கள். வகுந்து, வண்டிருந்தால் கொட்டையை மட்டும் தள்ளிவிட்டுச் சதையைத் தின்னுங்கள்.