எளிய வேண்டுதலின் இரு நிலைகள்

மார்கழியில் இராசபாளையத்தினின்று திருவில்லிபுத்தூருக்கு வைகறையிற் செல்வார், கோயிலில் ஆண்டாள் திருப்பாவையையும், கிறித்து பிறப்பு விழாவையொட்டித் திருச்சபைகளில் தமிழ்க் கீர்த்தனைகளையும் கேட்டல் கூடும். இரண்டிலும் நெஞ்சுருக்கம் உண்டு. எளிய விளிகளும் உண்டு. இவ்வொப்புமை ஒன்றே கொண்டு, கிறித்தவத் தமிழ் வேண்டுதற் பாட்டு ஆழ்வார் பாட்டின் பெயர் மாறிய வடிவமே என்பாரும் உளர். அக்கூற்றின் பொருத்தத்தை ஈண்டு ஆராய்வாம்.

இதற்குத் தக்க சான்றாவார் எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை. நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் 1827இல் வைணவ வேளாளர் குடியிற் பிறந்த அவர், 1858இல் கிறித்தவம் தழுவினார். பனியனின் நூலைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. ஐந்து பருவங்களாய் நடக்கும் அக்காப்பியத்தின் விருத்தங்களில் கம்பனைக் கற்ற திறம் விளங்கும். கதைக்கிடையே தேவாரம் எனப் பெயரிய இசைப்பாக்களும் அமைந்துள்ளன. ஆண்டுதான் வேண்டுதலின் குரல் நேரே ஒலிக்கின்றது.

வில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரின் எளிமை யாது? அடியவர் இறைவனிடம் காப்பு வேண்டுவது இயல்பு. அவரோ திருப்பல்லாண்டின் 12 பாசுரங்களில் இறைவனுக்கே தீங்கு வருமோ என்று அஞ்சி வாழ்த்துகின்றார். யசோதை நிலை நின்று குழந்தையை நீராட்டுகின்றார், பூச்சூட்டுகின்றார். உரையாளர் இதனைப் பரிவு என்பர். அவர் அடைக்கலம் வேண்டும் பாசுரங்கள் இல்லையோ எனின், உள. இறுதிக் காலத்தில் தம்மால் நினைக்க இயலாதென்று அரங்கனிடம் இப்போதே சொல்லிவைக்கும் பதிகம் அத்தகையது. ஆயினும் ஆண்டும் ஒலிப்பது உறவினரிடம் முன்கூட்டிச் சொல்லிவைப்பாரின் உரிமைக் குரலே.

கிறித்தவ வேண்டுதலின் எளிமை வேறோர் இடத்திற் பிறப்பது. மிகுதியாகப் பேசுதலால் கேட்கப்படுவோம் என்று எண்ணற்க என்பது இயேசுவின் அறிவுரை. லூக்கா நற்செய்தியில் வரும் வரிதண்டுவோன் தொலைவில் நின்று, கண்ணை ஏறெடுக்கவும் துணியாது, மார்பில் அறைந்துகொண்டு ஒரு சொற்றொடரே கூறுகின்றான். தந்தையே என விளிக்கும் உரிமை மகனுக்கு உண்டு. ஆனால் அது பெற்ற உரிமை, மன்னிப்பால் வாய்த்தது. ஆழ்வார் அணைக்க நெருங்குகின்றார். இவன் அணைக்கப்படக் காத்து நிற்கின்றான்.

கிருட்டிணப் பிள்ளையின் இசைப்பாக்கள் இவ்விரண்டாம் நிலையிலே நிற்பன. சொல்லும் இசையும் பழைய பத்தி மரபின. பாடுவான் நிற்கும் இடம் புதிது. தன் குறையறிந்த நன்றியே அவர்தம் உருக்கத்தின் வேர். ஆதலின் அவற்றைப் பெயர் மாறிய பாசுரம் எனல் பொருந்தாது. மரபினின்று முற்றும் அயலானவை எனலும் பொருந்தாது.

குறையும் கூறல் வேண்டும். வடசொற் சமயக் குறியீடுகளையும் அடைமொழிகளையும் அடுக்குமிடத்து அவர் குரல் சொற்பொழிவாகி விடுகின்றது. வேண்டுவான் மறைந்து புலவன் முன்வருகின்றான். விளியும் வினையும் மட்டும் எஞ்சுமிடத்தே பாட்டு மீண்டும் உயிர்க்கின்றது.

எளிமை கல்வியின் குறைவன்று என்பதற்குக் காப்பியம் செய்ய வல்ல இப்புலவரே சான்று. சொல்லொப்புமை தேடும் மாணவர், இனிச் சொல்லுவான் எங்கு நின்று சொல்லுகின்றான் என்பதனையும் நோக்குவாராக.