நறுக்கும் தொகையும்

செய்தித்தாளில் வரும் படக்கதையை நாள்தோறும் வெட்டிச் சேர்ப்பது சிறுவர் பொழுதுபோக்கு என்பது புலவர் பலர் கருத்து. தமிழாய்வுக்கும் அதற்கும் தொடர்பு யாது என வினவுவாரும் உளர். வினா முறையானதே. விடை காணத் தமிழ்ப் படக்கதைகளுள் மிக நெடியதாகிய கன்னித்தீவை எடுத்துக்கொள்வோம்.

சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியில் இத்தொடர் 1960இல் தோன்றியது. மந்திரவாதி மூசாவால் உருச் சிறுத்த லைலாவைப் பழைய உருவுக்கு மீட்க வழி தேடிச் சிந்துபாத் அலைவதே கதை. நாளுக்கு ஒரு பகுதியாக வளர்ந்து 20,000 பகுதிகளைக் கடந்தது. முடிவின்றி இழுபடும் எதனையும் ‘கன்னித்தீவுக் கதை’ என்று கூறும் வழக்கும் இதனாற் பிறந்தது. ஒரு படைப்பின் பெயர் மக்கள் நாவில் மரபுத்தொடராதல் எளிதன்று. புலவர் போற்றும் இக்கால நாவல்களுள் எத்தனைக்கு அப்பேறு வாய்த்தது?

‘முடிவில்லாதது’ என்று கூறி இதனைத் தள்ளுவோர் நாளிதழில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்டவர். முழுதும் கண்டவர் அல்லர். இது ஒரு கதையா, பல கிளைக்கதைகளைக் கோத்த மாலையா? ஓவியர் கை மாறிய இடம் யாது? நடை மாறியது எப்போது? பகுதிகளை ஒருங்கு வைத்து நோக்காதார் இவற்றுக்கு விடை கூறல் இயலாது. மூலம் கையில் இன்றி உரை எழுதுவது போன்றது அது. ஆதலின் இத்துறையில் சேகரிப்பாளன் திறனாய்வாளனுக்கு முற்பட்டவன் ஆகின்றான்.

ஆயின் சேர்த்தல் வேறு, தொகுத்தல் வேறு. குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோ அடியளவு நோக்கினார். ஐங்குறுநூற்றைத் தொகுத்த கூடலூர் கிழார் திணையும் நோக்கினார். தொகுத்தார் பெயர் நூலொடு சேர்ந்து நமக்குக் கிடைத்தமை அப்பணிக்கு முன்னோர் அளித்த மதிப்பைக் காட்டும். நறுக்குச் சேர்ப்போர் செய்வது யாது? படத்தை மட்டும் கத்தரித்துப் பழைய பேரேட்டில் ஒட்டுகின்றனர். நாள் போகின்றது, பக்கம் போகின்றது, அருகிருந்த செய்தியும் விளம்பரமும் போகின்றன. அவையன்றோ அப்படத்தை அன்று மக்கள் எச்சூழலில் கண்டனர் என்பதற்குச் சான்று? போதாக்குறைக்கு, செய்தித்தாள் மரக்கூழால் ஆயது. ஒளி பட மஞ்சளாகும், அமிலத்தால் நொறுங்கும். மாப்பசையோ பூச்சிக்கு விருந்து. வரிசையெண் தப்பினால் ஒழுங்கேனும் எஞ்சும்; அதுவும் அறுபட்டால் நறுக்குகள் கயிறு அறுந்த சுவடியே.

அமெரிக்கர் பில் பிளாக்பியர்டு 1968இல் சான்பிரான்சிஸ்கோவில் படக்கதைக்கென ஒரு கழகம் நிறுவினார். நுண்படம் எடுத்தபின் நூலகங்கள் கழித்த செய்தித்தாள் தொகுதிகளை அவர் திரட்டினார். கறுப்பு வெள்ளை நுண்படத்தில் ஞாயிற்றுக்கிழமைப் படக்கதையின் வண்ணம் ஏது? 1998இல் ஓஹியோ அரசுப் பல்கலைக்கழகத்தை அடைந்தபோது அத்திரட்டின் எடை ஏறத்தாழ 75 டன். அவரும் வெட்டியவரே, ஆயினும் தொடர் வாரியாக, நாள் முறையில் அடுக்கினார். அவருடையது தொகை.

அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல், இதழ் ஆகியவற்றோடு நாடக அறிவிப்பு, அழைப்பிதழ் எனப் புலவர் ஒதுக்கிய தாள்களையும் அவர் காத்தார். 1992இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ ஓரிலட்சம் உருப்படிகள் கொண்ட அத்திரட்டைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. வாங்கியவர் கடல் கடந்தவர் என்பதை ஈண்டு நினைக்க.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருட் கடைகளில் எனாமல் தூக்குக்கும் இரவிவர்மா அச்சுப்படத்திற்கும் விலை உண்டு. பழைய நாளிதழ் இன்றும் எடைக்கே போகின்றது. முதுகலை மாணவர் கன்னித்தீவை ஆராயப் புகுமுன், எவ்வெண்ணுடைய பகுதி எவர் வீட்டில் உள்ளது என ஊர்தோறும் பட்டியல் எடுத்தல் வேண்டும். முழுத்தாள் கிடைப்பின் அதனை வெட்டாது மடிப்பின்றி வைக்க. முன்னரே வெட்டியது கிடைப்பின் தெரிந்த நாளையும் பக்கத்தையும் ஓரத்தில் பென்சிலால் குறிக்க. பேனா மை தாளில் ஊறும்.