புது ரப்பர், பழைய நோய்

பழைய கார் வைத்திருப்பவர்கள் நடுவே இப்போது ஒரு வாதம் ஓங்கி நிற்கிறது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் போய்விட்டதா, பட்டறைப் பக்கமே போகாதே. ஒரு ஜாக்கி, ஒரு மரக்கட்டை, நாலு ஸ்பானர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம் என்கிறார்கள். தூத்துக்குடியில் ஹெரால்டு வைத்திருப்பவர் வாயிலும் இதே பாட்டுதான். கூலி மிச்சம் என்று தொடங்கும் பேச்சு, தன் வண்டியைத் தானே தொடாதவன் வண்டிக்காரனே இல்லை என்று முடிகிறது.

நியாயம் இல்லாமல் இல்லை. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு. சோழவரத்தில் பந்தயம் ஓடிய வண்டி. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாகவே முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே 948 சிசி இன்ஜினில் கை வைக்கலாம். ஸ்கேனரைச் செருகிப் பழகிய இன்றைய பட்டறைப் பையனுக்கு இந்த வண்டி பிடிபடாது என்பதும் உண்மை. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் ஆட்சேபம் வேறு. வீட்டு வேலை ரப்பரை மாற்றுகிறது. அது ஏன் கிழிந்தது என்று கேட்பதில்லை. பழைய மவுண்டிங் குப்பைக்குப் போகிறது, புதியது பெட்டியிலிருந்து வருகிறது, நட்டு முறுகுகிறது, வேலை முடிந்தது. குப்பைக்குப் போனதில்தான் முழு வாக்குமூலமும் இருந்தது.

கழற்றிய மவுண்டிங்கை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ரப்பர் ஊதி, பிசுபிசுத்து, நகம் உள்ளே இறங்கினால் அது ஆயில் குடித்த ரப்பர். இயற்கை ரப்பருக்கு ஆயில் ஆகாது. ராக்கர் கவர் கேஸ்கட்டில் கசிவது பிளாக்கின் பக்கவாட்டில் வழிந்து மவுண்டிங் மேல் சொட்டுகிறது. அந்தக் கேஸ்கட்டை விட்டுவிட்டுப் புது ரப்பர் போட்டால் அதுவும் இதே கதிக்கு வரும். மேலெல்லாம் பொடி வெடிப்பு ஓடிக் கல்லாய் இறுகியிருந்தால், வெப்பமும் வயதும். ரப்பர் நன்றாயிருந்து, இரும்புத் தகட்டோடு ஒட்டிய இடம் மட்டும் ஒரு ஓரமாகப் பிய்ந்திருந்தால் இன்ஜின் ஒருபக்கமாக இழுத்திருக்க வாய்ப்பு அதிகம். எதிர்ப்பக்க மவுண்டிங் அமுங்கியிருக்கலாம். கியர்பாக்ஸுக்கு அடியிலிருப்பது போயிருக்கலாம். சேஸிஸில் தாங்கும் பிராக்கெட் துருவில் இளைத்து வளைந்திருக்கலாம். உப்பளக் காற்று வீசும் இந்தக் கரையில் கடைசிச் சந்தேகம்தான் முதலில் வரவேண்டும். வீட்டிலேயே மாற்றுகிறவர் வயர் பிரஷ் எடுத்துப் பிராக்கெட்டைச் சுரண்டிப் பார்ப்பதுண்டா? துருவின் மேலேயே கறுப்புப் பெயிண்ட் அடிப்பதைத்தான் பார்க்கிறேன்.

இறுக்குவதும் அப்படியே. படகுக்கு இன்ஜின் இறக்குகிறவர்கள் கரையில் ஷாஃப்டைச் சரிபார்த்தாலும், படகு தண்ணீரில் மிதக்கும்போது மறுபடி பார்க்காமல் விடமாட்டார்கள். பாரம் உட்கார்ந்தால் உடம்பு மாறும் என்று அவர்களுக்குத் தெரியும். நம்மவரோ ஜாக்கியில் இன்ஜின் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் முறுக்கி முடிக்கிறார். ஜாக்கியை இறக்கியதும் புது ரப்பர் பிறந்த அன்றே முறுக்கிக்கொண்டு நிற்கிறது. போல்ட்டுகளைக் கையால் பிடிக்க விட்டு, ஜாக்கியை இறக்கி, இன்ஜினை அசைத்து உட்காரவைத்த பிறகல்லவா கடைசி இறுக்கு?

இப்படி மாற்றியது சீக்கிரமே மறுபடி கிழிகிறது. அப்போதுதான் இப்போதைய மோகம் உள்ளே வருகிறது: ரப்பர் வேண்டாம், ரேஸ் கார்போல பாலியூரிதேன் போடு. எளிதில் கிழியாது, உண்மைதான். ஆனால் மவுண்டிங்கின் வேலை கிழியாமல் இருப்பதா? நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங் ஓடும் நாலு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு ஏறக்குறைய 27 முறை உதைக்கிறது. அந்த உதையை வாங்கி அடக்கத்தான் ரப்பர் மெத்தென்று இருக்கிறது. அதைக் கெட்டியாக்கினால் உதை சேஸிஸுக்கும், அங்கிருந்து டாஷ்போர்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஏறுகிறது. ஏற்கெனவே துருப்பிடித்த வெல்டிங்குகள் அதை வாங்கிக் கட்டிக்கொள்கின்றன. பந்தய வண்டிக்குக் குலுங்கினாலும் இன்ஜின் அசையக் கூடாது. கடற்கரைச் சாலையில் மாலைச் சவாரி போகும் வண்டிக்கு அந்தக் கணக்கு எதற்கு? ஒரு பிளக் சரியாக எரியாமல் இன்ஜின் தடுமாறுவதுகூட மவுண்டிங்கைக் கிழிக்கும். பிளக்கைப் பார்க்காமல் பாலியூரிதேன் தேடுவது வலியை மறைக்கிற வேலை.

பட்டறைகளில் மட்டும் காரணம் தேடுகிறார்களா என்று கேட்பார்கள். எல்லாப் பட்டறையிலும் இல்லை. ஆனால் பழைய வண்டியில் கை தேய்ந்த மெக்கானிக், இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கிளட்ச்சை லேசாக விடச் சொல்லி, இன்ஜின் எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்கிறார். அந்தப் பார்வைக்குத்தான் கூலி. அதை மிச்சப்படுத்தியதாகப் பெருமை பேசுகிறவர்கள் மிச்சப்படுத்தியது நோயறிதலை. கழற்றிய ரப்பரைப் படிக்கத் தெரிந்தவர் வாசலில் தாராளமாக மாற்றட்டும். தெரியாதவர் ஜாக்கியைத் தொடாமலிருப்பதே வண்டிக்கு நல்லது; அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம் என்பது என் முடிவு.