வள்ளலும் தோழியும்

ஒரு நடிகர் ஏழைகளுக்கு உதவினார் என்ற செய்தி கிடைத்ததும் நாம் கைதட்டிவிடுகிறோம். அந்த உதவி எவ்வாறு செய்யப்பட்டது, உதவி பெற்றவர்களை அது நிமிர வைத்ததா, குனிய வைத்ததா என்று கேட்பதில்லை. இலக்கிய விமர்சனத்தில் இத்தகைய கேள்விகளைத் தயங்காமல் எழுப்பும் நாம், திரைக்கலைஞர்களின் சமூகப் பணி என்று வந்ததும் வாளாவிருந்துவிடுகிறோம். இந்தித் திரைப்பட நடிகை ஷபானா ஆஸ்மியின் ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கலைவாழ்வை இங்கே ஆராய்வது அக்கேள்விகளை எழுப்பும் பொருட்டேயாகும்.

கண்டிப் பிரதேசத்தில் வாழும் நமக்கு இவ்விடயம் அந்நியமானதன்று. தமிழ்த் திரையின் மாபெரும் வள்ளலாகப் போற்றப்பட்ட எம்.ஜி.ஆர். 1917இல் பிறந்தது நமது நாவலப்பிட்டியில்தான். மலையகத்து லயன் அறைகளில் தெய்வப் படங்களின் அருகே அவர் படமும் தொங்கியதை அறியாதார் யார்? படகோட்டியாக, விவசாயியாக, ரிக்‌ஷாக்காரனாக அவர் திரையில் தோன்றினார். உழைப்பவனைக் கதாநாயகனாக்கிய அப்படங்கள் நம் மக்களுக்கு ஒரு பெருமிதத்தை அளித்தன. 1982இல் அவர் அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் பசித்த பிள்ளைகளுக்குச் சோறிட்டது என்பதையும் மறுத்தல் நன்றன்று. ஆயினும் அப்படங்களில் துயர் துடைப்பவன் ஒருவனே. மக்கள் கூட்டமாக நின்று அவனை வாழ்த்துகின்றனர். கொடுக்கும் கை என்றும் மேலேயே இருக்கிறது. வாங்கும் கை கீழேயே நிற்கிறது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட நூல் இந்தப் படிமத்தின் அரசியலைத் துருவி ஆராய்ந்தது.

ஷபானாவின் வாழ்வு வேறோர் ஊற்றிலிருந்து தொடங்குகிறது. அவர் 1950இல் ஹைதராபாத்தில் பிறந்தார். தந்தை கைஃபி ஆஸ்மி, முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தைச் சேர்ந்த உருதுக் கவிஞர். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். தாய் ஷௌகத், மக்கள் நாடக மன்றத்தில் நடித்தவர். பம்பாயில் செங்கொடி மண்டபம் என்று பெயர் பெற்ற கட்சிக் குடியிருப்பில், குடும்பத்துக்கு ஓர் அறை என்ற அளவில், பலரோடு பகிர்ந்து வாழும் வாழ்வில் அவர் வளர்ந்தார். 1972இல் புனே திரைப்படக் கல்லூரியில் பயிற்சியை முடித்தார். 1974இல் ஷியாம் பெனகலின் முதற்படமான ‘அங்கூர்’ அவரைத் திரையுலகுக்கு அறிமுகம் செய்தது. அவ்வேடத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்ற அவர், பின்னர் மேலும் நான்கு முறை அவ்விருதை வென்றார்.

‘அங்கூர்’ என்றால் முளை. தெலுங்கானாக் கிராமமொன்றில் நிலவுடைமையாளன் மகனின் வீட்டில் வேலை செய்யும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் லட்சுமி. அவள் கணவன் பேச்சும் செவிப்புலனும் அற்றவன். நிலக்கிழான் மகன் அவளைக் கருவுறச் செய்கிறான். ஊரைவிட்டுப் போயிருந்த கணவன் திரும்பி வந்து வேலை கேட்க வரும்போது, தன்னைத் தாக்கத்தான் வருகிறான் என்று அஞ்சி அவனைச் சவுக்கால் அடிக்கிறான். லட்சுமி ஓடிவந்து அந்த மாளிகையை நோக்கிச் சபிக்கிறாள். இறுதியில் ஒரு சிறுவன் சன்னலை நோக்கிக் கல்லெறிகிறான். பத்தாண்டுகளின் பின் கௌதம் கோஷின் ‘பார்’ வந்தது. நியாயமான கூலி கேட்கும்படி பீகார் மாநிலத்து நிலமற்ற கூலிகளை ஊக்குவித்த பள்ளி ஆசிரியர் கொல்லப்படுகிறார், கிராமம் எரிக்கப்படுகிறது. கல்கத்தாவுக்குத் தப்பியோடிய தம்பதியர் பிழைக்க வழியின்றிப் பன்றிக் கூட்டமொன்றை ஆற்றின் மறுகரைக்கு நீந்தி ஓட்டிச் செல்கின்றனர். மனைவியோ கருவுற்றிருக்கிறாள். அந்த வெள்ளத்தில் ஷபானாவும் நசீருதீன் ஷாவும் மூச்சுத் திணறுவதைக் காண்போர் அதை எளிதில் மறக்க இயலாது.

இப்படங்களின் யதார்த்தம் போற்றத்தக்கது. அதே வேளை, அவற்றின் எல்லையையும் சுட்டிக்காட்டுதல் விமர்சகனின் கடமை. லட்சுமியின் குரல் சாபமாகவே முடிகிறது. கல்லெறிபவன் தனியனான ஒரு சிறுவன். ‘பார்’ படத்திலும் ஆற்றை நீந்துவோர் இருவரே. ஒடுக்கப்பட்டோரின் துன்பத்தையும் கோபத்தையும் காட்டிய அக்காலத்துப் புதிய சினிமா, அவர்கள் ஒன்றுகூடி வெல்லும் வழியை அரிதாகவே காட்டியது. ‘அங்கூர்’ வணிக வெற்றி பெற்றது உண்மையே. எனினும், அவ்வகைப் படங்கள் பலவும் நகரத்துப் படித்த வர்க்கத்தின் அரங்குகளைத் தாண்டிச் செல்லவில்லை. கூலிப் பெண்ணின் கதையைக் கூலிப் பெண் பார்க்கவில்லை.

திரை நின்றுவிட்ட இந்த இடத்திலிருந்து ஷபானாவின் வாழ்க்கை மேலே நடந்தது என்பதே என் கருத்து. பம்பாயில் சஞ்சய் காந்தி நகர் என்ற குடிசைக் குடியிருப்பு 1986இல் இடித்துத் தள்ளப்பட்டது. மாநகரின் வேலைகளையெல்லாம் செய்து பிழைத்தவர்கள் நடுத்தெருவில் நின்றனர். அப்போது அக்குடிசைவாசிகளுடனும் ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனுடனும் சேர்ந்து ஷபானா உண்ணாநோன்பு இருந்தார். அவர் அங்கே பொட்டலம் வழங்கச் செல்லவில்லை. ‘நிவாரா ஹக்’ என்ற அமைப்பின் போராளிகளுள் ஒருவராகச் சென்றார். அச்சொற்றொடரின் பொருள் உறைவிட உரிமை என்பதாகும். மாற்று நிலம் தர அரசு இணங்கியது. கேட்டவர்கள் குடிசைவாசிகள், ஷபானாவின் புகழ் அவர்களுடைய குரலைப் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்குக் கொண்டு சென்றது.

புகழைப் பணயமாக வைக்கும் இத்துணிவு பிறகும் தொடர்ந்தது. 1989 சனவரி முதல் நாள், தில்லிக்கு அருகே தொழிலாளர் முன்னிலையில் தெருநாடகம் நடத்திக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் உயிர் நீத்தார். அதே மாதம் தில்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவின் மேடையிலேயே ஷபானா அக்கொலையைக் கண்டித்தார். அரசு விழாவில் ஆளும் கட்சியைச் சாடுவது ஒரு நடிகைக்கு இலாபம் தரும் செயலன்று. அவ்வாண்டிலேயே சுவாமி அக்னிவேஷ், அஸ்கர் அலி எஞ்சினியர் ஆகியோருடன் தில்லியிலிருந்து மீரட் வரை மத நல்லிணக்க நடைப்பயணம் மேற்கொண்டார். 1987இல் வகுப்புக் கலவரத்தில் இரத்தம் சிந்திய ஊர் மீரட். பல்லேகலையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள திகனவில் 2018 மார்ச்சில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததையும், நாடெங்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டதையும் கண்ட நமக்கு அந்நடையின் பொருள் விளங்கும். எரிந்த ஊருக்கு நிவாரணம் அனுப்புவது ஒன்று. பகை உலவும் வீதியில் இறங்கி நடப்பது மற்றொன்று.

2000ஆம் ஆண்டில் தீபா மேத்தாவின் ‘வாட்டர்’ படத்தில் விதவை வேடத்துக்காக அவர் தலையை மழித்துக்கொண்டார். மதவெறியர்கள் வாரணாசியில் படப்பிடிப்பு அரங்கை அழித்தனர், படம் நின்றது. பின்னர் 2004இல் அது நமது இலங்கை மண்ணில் வேறு பெயரில் இரகசியமாக எடுக்கப்பட்டது. ஆனால், அவ்வேடத்தை ஏற்றவர் சீமா பிஸ்வாஸ். தலைமுடியை இழந்ததோடு வேடத்தையும் இழந்தவர் ஷபானா.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு முரண்பாட்டை மறைத்தல் தகாது. உத்தரப் பிரதேசத்து ஆசம்கர் மாவட்டத்தில் மிஜ்வான் என்பது கைஃபி ஆஸ்மியின் பிறந்த ஊர். அங்கே அவர் தொடங்கிய அமைப்பை, 2002இல் அவர் மறைந்த பின் மகளே நடத்தி வந்தார். பெண் பிள்ளைகளுக்குக் கல்வியும், பெண்களுக்குத் தையற்பூ வேலையில் வருவாயும் கிடைத்தன. அவ்வேலைக்கு ஆதரவு திரட்ட மும்பையில் நடந்த ஆடை அலங்காரக் காட்சிகளிலோ புகழ்பெற்ற நட்சத்திரங்கள் ஒளிவெள்ளத்தில் நடந்தனர். தைத்தவளின் பெயர் தெரியாது. அணிந்தவளின் படம் பத்திரிகையில் வரும். உண்ணாநோன்பில் குடிசைப் பெண்ணின் பக்கத்தில் அமர்ந்த புகழ், இங்கே மீண்டும் மேடை ஏறி நிற்கிறது. தனியொருவரின் பலவீனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மக்கள் இயக்கங்கள் தளர்ந்த காலத்தில் நல்லெண்ணம்கூடச் செல்வரின் பணப்பையை நாடவேண்டியிருக்கிறது என்பதையே இது காட்டுகிறது. அப்பெண்களுக்குக் கிடைத்த கல்வியும் கூலியும் மெய்யானவை. அவற்றுக்குக் கொடுத்த விலையும் மெய்யானதே.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தோம். கட்டியவன் பெயர் மாறினாலும் லயன் அறை லயன் அறையாகவே இருக்கிறது. வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதிப்பத்திரம் பெரும்பாலோர்க்கு இன்னும் கைக்கு எட்டவில்லை. தேர்தல் காலத்தில் கூரைத்தகடு கொடுக்க வள்ளல்கள் வருவர். அத்தகட்டை வாங்க வேண்டாம் என்று மழையில் நனைபவரிடம் சொல்லும் உரிமை நமக்கில்லை. ஆனால் ஒன்று செய்யலாம். நட்சத்திரங்களைப் பற்றி மாணவர் வியந்து பேசும்போது, “அவர் எவ்வளவு கொடுத்தார்?” என்ற கேள்வியோடு நிறுத்தாமல், “அவர் யாரோடு அமர்ந்தார்? எதை இழக்கத் துணிந்தார்?” என்றும் கேட்கப் பழக்கலாம். அக்கேள்விகளைக் கேட்கப் பழகிய தலைமுறை தனக்கொரு வள்ளலைத் தேடாது, தோழர்களைத் தேடும்.